சோள வரிசைகளை எண்ணிய சிறுவன்

1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து பால்டிமோர் நகரத்து மருத்துவர் ஒருவருக்கு ஒரு கடிதம் போனது. தட்டச்சில் 33 பக்கம். எழுதியவர் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வழக்கறிஞராக இருந்த பீமன் டிரிப்ளெட். விஷயம், அவருடைய ஐந்து வயது மகன் டொனால்ட்.

வக்கீல் எழுத்து என்பதால் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரு வயதிலேயே பையன் பல பாட்டுகளை மெட்டுப் பிசகாமல் முனகுகிறான். ஊரில் எந்த வீடு யாருடையது என்று சொல்கிறான். பைபிளின் 23ஆம் சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். நூறு வரை எண்ணுகிறான். ஆங்கில எழுத்துகளை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்கிறான். ஆனால் அப்பா வீட்டுக்குள் வந்தாலும் போனாலும் கண்டுகொள்வதில்லை. கிறிஸ்துமஸ் தாத்தா முழு வேஷத்தில் எதிரே வந்து நின்றபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டமாக எது கிடைத்தாலும் தரையில் சுழலவிட்டு அதிலேயே லயித்துக் கிடக்கிறான்.

இதற்கு முன்பே ஒரு மருத்துவர் பெற்றோரிடம் பையனை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தார். மூன்று வயதில் அவனை ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள். அது காசநோய் ஆபத்துள்ள பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட இடம். ஏறத்தாழ ஓராண்டு அங்கே இருந்தான். அவனை இங்கேயே விட்டுவிடுங்கள் என்றுதான் அங்கிருந்த பொறுப்பாளரும் சொன்னார். பெற்றோர் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கேனருக்குக் கடிதம் போனது.

கேனர் தன் கையேடுகளில் எதிலும் அடங்காத ஒரு பிள்ளையைப் பார்த்தார். டொனால்டிடம் “ஆம்” என்ற சொல் எப்படி இயங்கியது என்று அவர் குறித்து வைத்திருப்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருமுறை அப்பா அவனிடம், நீ “ஆம்” என்று சொன்னால் உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வேன் என்றார். சொன்னான், தூக்கிக்கொண்டார். அன்று முதல் வெகுகாலம் டொனால்டுக்கு “ஆம்” என்றால் ‘என்னைத் தோளில் தூக்கு’ என்று பொருள். வேறு எந்தக் கேள்விக்கும் அது பதில் இல்லை. அந்தக் காலத்தில் கனடாவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகள் உலகப் புகழ் பெற்றிருந்தார்கள். தன் ஐந்து வண்ணப் புட்டிகளுக்கும் அவர்கள் பெயரை வைத்திருந்தான் டொனால்ட். நீலம் அனெட், சிவப்பு செசீல். அனெட்டும் செசீலும் சேர்ந்தால் ஊதா என்பான். கேட்பவருக்குப் பிதற்றல், திறவுகோல் கையில் இருப்பவருக்கு அதில் ஒரு பிழையும் இல்லை.

இப்படி எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள் என்று பதினொரு பிள்ளைகளைப் பற்றி 1943இல் கேனர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகில் அறியப்பட்டது அந்தக் கட்டுரையால்தான். முதல் நபர் டொனால்ட். (பெற்றோரின் பாசக் குறைவுதான் காரணம் என்ற அபவாதமும் கேனர் எழுதியவற்றிலிருந்தே கிளம்பி, இருபது முப்பது ஆண்டுகள் அம்மாக்களை வதைத்தது. 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்டின் நூலும், 1977இல் வந்த இரட்டையர் ஆய்வும் அதற்கு முடிவு கட்டின. ஆட்டிசம் பெரும்பாலும் மரபணுக்களில் வேர் கொண்டது, வளர்ப்பில் வருவதல்ல.)

அந்தப் பதினொரு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தின் மையமாக வைக்கிறேன். 1971இல், 28 ஆண்டுகள் கழித்து, கேனர் அவர்களைத் தேடிப் போய் விசாரித்து எழுதினார். அதைப் படிக்கும்போது மனம் கனக்கும். சிலரைப் பற்றித் தகவலே கிடைக்கவில்லை. அரசு மனநலக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்கள் சின்ன வயதில் காட்டிய திறமைகளை ஒவ்வொன்றாக இழந்து, ஓரத்தில் முடங்கியிருந்தார்கள். காப்பகத்தில் சேர்ப்பது கிட்டத்தட்ட ஆயுள் தண்டனை விதித்ததைப் போல ஆகிவிட்டது என்று கேனரே வருந்துகிறார். தெளிவாகத் தேறியவர்கள் என்று இருவரைச் சொல்லலாம். ஒருவர் ஓர் அரசு அலுவலகத்தில் நகலெடுக்கும் எந்திரத்தை இயக்கி, மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்கியிருந்தார். இன்னொருவர் டொனால்ட். பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்று, சொந்த ஊர் வங்கியில் காசாளராக இருந்தார்.

டொனால்டை மாற்றியது எது? மருந்து ஒன்றும் இல்லை. இன்று நாம் தெரபி என்று சொல்லும் எதுவும் அன்று கிடையாது. இருந்தது ஒரு பண்ணை வீடு. 1942இல் ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் அவனை வளர விட்டார்கள். எர்னஸ்ட் லூயிஸ், ஜோசஃபின் லூயிஸ். பிள்ளையில்லாதவர்கள், பெரிய படிப்பில்லாதவர்கள். 1945 மே மாதம் கேனர் அங்கே நேரில் போய்ப் பார்த்தார்.

பையனுக்கு அளப்பதில் பித்து. எதைப் பார்த்தாலும் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் என்பதே பேச்சு. லூயிஸ் அவனை அதட்டவில்லை. கிணறு தோண்ட விட்டு, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவ்வப்போது அளந்து சொல்லும் வேலையைக் கொடுத்தார். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தபோது, தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, இது உன் மயானம், புதைத்து அடையாளம் வை என்றார்கள். சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். சரி, எண்ணு, ஆனால் உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார்கள். கேனர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நீள வரிசைகளை உழுது முடித்தான். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் குதிரையைத் திருப்பிய லாகவத்தைக் கேனர் தனியாகக் குறிப்பிடுகிறார். அருகிலிருந்த கிராமத்துப் பள்ளியில் அவனுடைய விசித்திரங்களைப் பெரிதுபடுத்தாமல் சேர்த்துக்கொண்டார்கள். படிப்பும் வந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் ஈடுபாட்டைப் படிப்புக்கும் வேலைக்கும் ஏணியாக்குவது பற்றி இன்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்படுகின்றன. லூயிஸ் தம்பதி செய்ததில் அதன் சாரம் முழுக்க இருக்கிறது. எண்ணுவதை நிறுத்து என்று அவர்கள் சொல்லவில்லை. அது பிரயோஜனப்படும் இடத்துக்கு அதை நகர்த்தினார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஃபாரஸ்ட் உயர்நிலைப் பள்ளி, அடுத்து ஜாக்சன் நகரில் மில்சாப்ஸ் கல்லூரி, 1958இல் பட்டம். வங்கியில் 65 ஆண்டுகள். காரோட்டக் கற்றபோது வயது 27. மாலையில் கோல்ஃப். தனியாகவே உலகம் சுற்றினார். 87ஐ 23ஆல் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டால் கண்ணை மூடியபடியே 2001 என்பார். பள்ளிக்கூடக் கட்டடத்தின் முகப்பில் எத்தனை செங்கல் என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார் என்பது ஊரில் ஐம்பது வருடமாக உலவிய கதை. ஜான் டான்வன், கேரன் சுக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 2010 வாக்கில் அவரைத் தேடிப் பிடித்து அந்தக் கதையைக் கேட்டபோது, வாயில் வந்த எண்ணைச் சொன்னேன் என்றார் டொனால்ட். ஏன்? மற்றப் பையன்கள் தன்னை மதிக்க வேண்டும் என்பதற்காக. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமே கிடையாது என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பதிலை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். 2023 ஜூன் மாதம், 89 வயதில், அதே ஊரில் இறந்தார்.

இந்தக் கதையை அப்படியே நம்பிக்கைக் கதையாக விற்றுவிட எனக்கு மனமில்லை. டொனால்டின் தாய் வழியினருக்கு அந்த வங்கியில் பங்கு இருந்தது. அப்பா ஊரறிந்த வக்கீல். பையன் வெள்ளையன். நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த மிசிசிப்பியில் இதே குணங்களோடு ஒரு கறுப்பினச் சிறுவன் பிறந்திருந்தால், 33 பக்கக் கடிதத்துக்கோ பால்டிமோர் பயணத்துக்கோ வழி ஏது? தவிர, டொனால்டுக்கு ஐந்து வயதுக்குள் பேச்சு வந்துவிட்டது. அதுவே பின்னாளில் தேறுவதற்கான நல்ல அறிகுறி. ஆட்டிசம் உள்ள எல்லாரும் வங்கியில் வேலை பார்க்க முடியாது. கணிசமானவர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்தே இருக்கிறது. சிலருக்கு வாழ்நாள் முழுதும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அதை மறைத்துவிட்டு மேதைகளை மட்டும் மேடையில் ஏற்றும் சினிமாக்கள் அந்தக் குடும்பங்களுக்குச் செய்வது துரோகம்.

ஆனாலும் பதினொரு பேரின் பட்டியல் ஒரு கேள்வியை விட்டுவைக்கிறது. அதில் வர்ஜீனியா என்று ஒரு சிறுமி இருந்தாள். ஐந்து வயதிலிருந்தே மூளை வளர்ச்சி குன்றியோருக்கான அரசு இல்லத்தில் இருந்தவள். பேசமாட்டாள். ஜிக்சா புதிர்த் துண்டுகளைக் கொடுத்தால் அமைதியாகப் பொருத்தி முடிப்பாள். மொழி தேவைப்படாத கேள்விகளை மட்டும் வைத்து அங்கிருந்த உளவியலாளர் சோதித்தபோது அவளுடைய நுண்ணறிவு ஈவு 94 வந்தது. சராசரி என்பது 100. அவளுடைய உண்மையான அறிவு இதைவிட அதிகம் என்றும் அவர் எழுதி வைத்தார். எழுதியது கோப்பில் இருந்தது. வர்ஜீனியா நாற்பது வயதிலும் அரசு இல்லத்தில்தான் இருந்தாள். டொனால்டுக்கும் அவளுக்கும் மூளையில் இருந்த வித்தியாசம் எவ்வளவு, இருக்க நேர்ந்த இடத்தில் இருந்த வித்தியாசம் எவ்வளவு? இன்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் இடம் என்பது சின்ன விஷயமல்ல என்று அடித்துச் சொல்லலாம்.

எந்த இடத்துக்கு யார் போவது என்று தீர்மானிப்பவை சோதனைகள். வர்ஜீனியாவின் 94ஐ மறந்துவிடாமல் மாண்ட்ரியால் நகரத்துக்கு வாருங்கள். அங்கே மிஷெல் டாசன் என்றொரு தபால்காரர். ஆட்டிசம் உள்ளவர். அதை வெளியில் சொன்ன பிறகு வேலையிடத்தில் சிக்கல்கள் வந்தன. தன் உரிமைக்காக வாதாடச் சட்டத்தையும் ஆட்டிச ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தானே படிக்க ஆரம்பித்தார். ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பின்போது லோரான் மாத்ரோன் என்ற மனநல மருத்துவர் அவரைச் சந்தித்தார். தன் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தபோது டாசன் சுட்டிக்காட்டிய குறைகளைப் பார்த்து அசந்து, தன் ஆய்வுக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார். ஆராய்ச்சிப் பட்டம் எதுவும் டாசனிடம் இல்லை.

2007இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வு எளிமையானது. ஆட்டிசம் உள்ள 38 பிள்ளைகளுக்கு இரண்டு நுண்ணறிவுச் சோதனைகளை வைத்தார்கள். ஒன்று, மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படும் வெக்ஸ்லர் சோதனை. அதில் ஆய்வாளர் எதிரே உட்கார்ந்து வாயால் கேள்வி கேட்பார். குழந்தை வாயால் பதில் சொல்ல வேண்டிய பகுதிகள் நிறைய. மற்றொன்று ரேவன் சோதனை. ஒரு பக்கத்தில் கோலம் போன்ற வடிவங்கள் ஓர் ஒழுங்கில் வரிசையாக இருக்கும், ஒரு கட்டம் மட்டும் காலி. கீழே உள்ள துண்டுகளில் எது அங்கே பொருந்தும் என்று கைகாட்டினால் போதும். இது சும்மா படப் புதிர் அல்ல. புதிய சிக்கலிலிருந்து விதியைப் பிரித்தெடுக்கும் திறனை அளப்பதில் இதற்கு நல்ல பெயர். பிற பிள்ளைகளுக்கு இரண்டு சோதனைகளிலும் ஏறத்தாழ ஒரே இடம் கிடைத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ரேவனில் சராசரியாக 30 பெர்சென்டைல் மேலே போனார்கள். சிலர் 70க்கும் மேலே.

நீட் மதிப்பெண் பார்த்துப் பழகிய நமக்கு 30 பெர்சென்டைல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒரே பிள்ளை, ஒரே மூளை. ஒரு தாளில் சிறப்புப் பள்ளிக்குப் போகச் சொல்லும் எண், இன்னொரு தாளில் சாதாரண வகுப்பில் உட்காரவைக்கும் எண். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த இடைவெளி எல்லாரிடமும் ஒரே அளவில் தென்படவில்லை என்பது உண்மை. பேச்சு குறைவான பிள்ளையை ஒரேயொரு சோதனையைக் கொண்டு முத்திரை குத்தக் கூடாது என்ற முடிவு அதனால் மாறுவதில்லை.

கற்றல் குறைபாடுகளின் கதையும் இதே தடத்தில்தான் தொடங்குகிறது. அது ஆட்டிசத்தைவிட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மூத்த கதை. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பெர்சி. கெட்டிக்காரன், விளையாட்டில் சூரன். ஏழு வயதிலிருந்து பள்ளியும் தனி ஆசிரியர்களும் முட்டி மோதியும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதினான். பல முறை கேட்ட பிறகுதான் தவறு அவனுக்கே தெரிந்தது. அதே பையன் 749ஐ 867ஆல் மளமளவென்று சரியாகப் பெருக்கினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று பல ஆண்டுகள் அவனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிவு செய்கிறார்.

இதை இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். கண்ணில் கோளாறு இல்லை, அறிவில் கோளாறு இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒலியை எழுத்தோடு இணைக்கும் வேலை மூளையில் சரளமாக நடப்பதில்லை. எழுதுவதில் வரும் சிக்கல் டிஸ்கிராஃபியா, கணக்கில் வருவது டிஸ்கால்குலியா. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு இவையும் சேர்ந்தே வரும். கவனக் குறைவுச் சிக்கலும் கூட வரலாம். எனவே தனித்தனி டப்பாக்களாகப் பிரித்து வைத்துப் பார்ப்பது பள்ளியில் உதவாது.

‘போர்டைப் பார்த்து எழுது’ என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு கட்டளைக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தலையைத் தூக்கி, எந்த வரியில் விட்டோம் என்று தேட வேண்டும். நாலைந்து சொற்களைப் படித்து மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். குனிந்து, நோட்டில் இடம் தேடி, ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் விரலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மனதில் பிடித்தது நழுவக் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு இதில் பாதி தன்னியக்கமாக நடந்துவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வோர் எட்டும் யோசித்து எடுத்து வைக்கும் எட்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதோடு மின்விசிறியின் கடகடப்பும், பக்கத்து வகுப்பின் கோரஸும், டியூப்லைட்டின் சிமிட்டலும் ஒரே சத்தத்தில் ஒரே வெளிச்சத்தில் உள்ளே நுழையும். எது பாடம், எது இரைச்சல் என்று வடிகட்டும் வேலையும் சேர்ந்துகொள்ளும். மணி அடிக்கும்போது நோட்டில் பாதிப் பக்கம் காலி. சோம்பேறி என்ற பட்டம் ரிப்போர்ட் கார்டில் ஏறுவது இப்படித்தான்.

தேர்வில் கூடுதல் நேரம் தருவது சலுகையா, அநியாயமா? ஆசிரியர்களிடையே இன்னும் ஓயாத சச்சரவு இது. பெர்க்லியில் 1991இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியான விடை தேடியது. நேரக் கட்டுப்பாடு இருந்தபோது கற்றல் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் கீழே இருந்தார்கள். நேரம் தாராளமாகக் கிடைத்ததும் சமமாக வந்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கூடுதல் நேரத்தால் சொல்லத்தக்க லாபமில்லை, ஏனென்றால் முதலிலேயே முடித்துவிட்டிருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் சிலவற்றில் மற்றவர்களுக்கும் ஓரளவு லாபம் தெரிந்தது. அப்படியென்றால் வினாத்தாள் பாட அறிவை அளக்காமல் வேகத்தை அளக்கிறது என்று அர்த்தம். திருத்த வேண்டியது வினாத்தாளை.

இந்தியச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் எடுத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு இரண்டையும் சேர்த்தது. உயர்கல்வியில் 5 சதவீத இடம், தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் எல்லாம் இதன் வழி வந்தவை. ஆனால் தாளில் இருப்பது தேர்வறைக்கு வந்து சேர வேண்டுமே. 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி, பரிகாரம் காணுமாறு தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. உரிமை என்ன என்று தெரியாத கண்காணிப்பாளர் ஒருவர் போதும், ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும்.

பள்ளி, கல்லூரி தாண்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது நேர்முகத் தேர்வு. ஆட்டிசம் உள்ளவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். பிரிட்டனில் அரசு கேட்டு 2024இல் வெளியான பக்லண்ட் அறிக்கையின்படி, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் வேலையில் இருக்கிறார்கள். பட்டதாரிகளும் இதற்கு விலக்கில்லை.

ஏன் என்பதற்கு 2017இல் நோவா சாசன் குழுவினர் செய்த ஆய்வு ஒரு விடை தருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சில விநாடிகள் தங்களைப் பற்றிப் பேசுவதைப் பதிவு செய்து, யார் எப்படி என்று சொல்லாமல் பிறரை மதிப்பிட வைத்தார்கள். சிலருக்குக் காணொளி காட்டினார்கள், சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்கு ஊமைப் படம், சிலருக்கு வெறும் புகைப்படம். எல்லாவற்றிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பெண். இவரோடு பழக விருப்பமா என்ற கேள்விக்கு இல்லை என்ற பதில். கடைசியாக, பேசிய சொற்களை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், பார்வை போகும் திசை, முகம் அசையும் விதம் ஆகியவற்றைப் பார்த்துச் சில விநாடிகளில் முடிவு கட்டிவிடுகிறோம். ‘கேண்டிடேட் கான்ஃபிடன்டாக இல்லை’ என்று நேர்முகக் குழு எழுதும் குறிப்பில் பாதி இதுதான்.

குறை ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இருக்கிறது என்ற எண்ணத்தையே 2012இல் டேமியன் மில்டன் கேள்வி கேட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். இரு தரப்புக்கும் ஒருவரை ஒருவர் புரியவில்லை. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தவர்மீது மட்டும் பழி விழுகிறது என்பது அவர் வாதம். எடின்பரோவில் கேத்தரின் குராம்ப்டன் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு கதையை ஒருவர் காதில் சொல்ல, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, எட்டாவது ஆளிடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்ற விளையாட்டு. எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த குழுவும், எட்டுப் பேரும் இல்லாதவர்களாக இருந்த குழுவும் ஒரே அளவு விவரத்தைக் காப்பாற்றின. கலந்து உட்கார வைத்த குழுவில்தான் கதை சீக்கிரம் தேய்ந்தது. 2020இல் வெளியான இந்த ஆய்வை மனிதவளத் துறையில் இருப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

மாற்று வழி ஒன்றும் கம்ப சூத்திரம் அல்ல. டென்மார்க்கில் தார்கில் சோன என்ற தொலைத்தொடர்புத் துறைக்காரர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பின், 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருள் சோதனை போன்ற வேலைகளுக்கு ஆட்டிசம் உள்ளவர்களை எடுத்தார். நேர்முகத்துக்குப் பதிலாக லெகோ ரோபோ துண்டுகளைக் கொடுத்து, செய்து காட்டச் சொன்னார். 2013இல் எஸ்ஏபி நிறுவனம் உலக அளவில் இதே போன்ற திட்டத்தை அறிவித்தது. அதன் முன்னோட்டம் நடந்த இடங்களில் பெங்களூரும் ஒன்று.

இந்தத் திட்டங்கள்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆட்டிசம் என்றாலே கணினி என்ற புதிய அச்சு ஒன்றை இவை வார்த்துவிட்டன. டொனால்ட் காசாளர். டாசன் தபால்காரர், பிறகு ஆராய்ச்சியாளர். ஆட்டிசம் உள்ள இன்னொருவரான டெம்பிள் கிராண்டின் மாடுகளோடு வேலை பார்த்தவர். அல்ஜீப்ராவில் தோற்ற அவர் வடிவமைத்த வளைவான தொழுவப் பாதைகள் அமெரிக்காவில் மாடுகள் மிரளாமல் நடக்க வழி செய்தன. சமையல், தையல், நூலகம், நாற்றுப் பண்ணை என்று எதுவாகவும் இருக்கலாம். அந்த ஆளின் ஈடுபாடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அங்கே கூலியும் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி என்ற பெயரில் வருடக்கணக்காக மெழுகுவத்தியும் காகித உறையும் செய்யவைத்து, கண்காட்சி நாளில் மட்டும் விற்பது வேலை ஆகாது.

வேலையில் சேர்ந்த பிறகு இவர்கள் கேட்பது பெரும்பாலும் செலவில்லாத விஷயங்கள். வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் அறிவுறுத்தல். ‘சீக்கிரம் முடி’ என்று சொல்லாமல் ‘வியாழன் மாலை 4 மணிக்குள்’ என்று சொல்வது. இடம் மாற்றினால் முன்கூட்டியே தகவல். காதில் இரைச்சல் தடுக்கும் ஹெட்ஃபோன் போட அனுமதி. இவை மற்ற ஊழியர்களுக்கும் நல்லதுதான் என்பதை எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது குறைபாட்டுச் சான்றிதழுக்கு ஓடாதீர்கள். பிள்ளை படிக்கத் திணறுவது தொடக்கப் பள்ளியிலேயே தெரிந்துவிடும். அப்போதே அரசு மருத்துவமனையிலோ, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடத்திலோ மதிப்பீடு செய்து, மாற்றுத் திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். பிறகு வேலை அறிவிப்புகள் வரும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணிகளில் மாற்றுத் திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.